தமிழுக்கு வாய்த்த இலத்தீன் அடைமொழி

சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் வந்திறங்கியது 1706ஆம் ஆண்டு. ஈராண்டு கழித்து, தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு அட்டவணையொன்று எழுதி, 'பிப்லியோத்தேக்கா மலபாரிக்கா' எனப் பெயரிட்டார். 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அவருடைய தமிழிலக்கணம் அச்சேறியபோதோ, அதன் பெயர் 'கிராமாத்திக்கா தமுலிக்கா' என்றாயிற்று. இம்மாற்றம் சிறிதன்று. போர்த்துகீசியர் முதலில் காலூன்றியது மேலைக் கடற்கரை. அக்கரையின் பெயரையே தமிழர்க்கும் அவர்தம் மொழிக்கும் ஏற்றி வழங்கினர். பிற ஐரோப்பியரும் அவ்வழியே சென்றனர். தமிழர் தாமே வழங்கும் பெயர் இப்போது நூல்முகப்பில் தலைமை பெற்றது. ஆயினும் நீண்ட அத்தலைப்பின் உள்ளே 'தமுலிக்கா அல்லது மலபாரிக்கா' என இரண்டையும் ஐயர் சேர்த்தே சொன்னார். ஐரோப்பாவில் படிப்போர்க்கு விளங்கவேண்டுமே!

'தமுல்' என்பது பகுதி. ழகரத்திற்கு இலத்தீனில் எழுத்தில்லாமையால் லகரம் புகுந்தது. 'இக்குஸ்' என்பது உரிமை குறிக்கும் விகுதி. அராபிக்குஸ், கெர்மானிக்குஸ் என்பவற்றை நோக்குக. இடம் பற்றி வரும் அடைமொழிகள் பல 'என்சிஸ்' என முடியும். தெலுக் பங்லிமா காராங்கை அடுத்த கேரித் தீவில் வரிசை வரிசையாக நிற்கும் செம்பனைக்கு நூற்பெயர் எலேயிஸ் கினீயென்சிஸ்; ரப்பர் மரத்திற்கு ஹெவேயா பிரசிலியென்சிஸ். முன்னது கினியாவுக்குரியது, பின்னது பிரேசிலுக்குரியது என்பது பொருள்.

இலத்தீனில் அடைமொழி, தான் தழுவும் பெயரின் பாலையும் எண்ணையும் வேற்றுமையையும் ஏற்கும். 'கிராமாத்திக்கா' பெண்பாற்சொல், ஆகவே 'தமுலிக்கா'. ஆண்பாலாயின் தமுலிக்குஸ், இரண்டுமல்லாத பாலாயின் தமுலிக்கும். வீரமாமுனிவர் தம் அகராதித் தலைப்பில் 'தமுலிக்கே லிங்குவே' என்பார். தமிழ்மொழியினது என ஆறாம் வேற்றுமை வந்தமையால் அடையும் உடன் திரிந்தது. தமிழிலோ நல்ல மகன், நல்ல மகள், நல்ல வீடு என்று அடை திரியாது நிற்கும். நல்லன், நல்லள், நல்லது எனப் பெயராகும்போதே பால் காட்டும்.

இன்னொன்று. 'தமிழ்மொழி' இருபெயரொட்டுப் பண்புத்தொகை. 'தமிழிலக்கணம்' ஆறாம் வேற்றுமைத்தொகை. இலத்தீனில் இரண்டிடத்தும் தமுலிக்கா ஒன்றே. மொழிபெயர்ப்போர் தொகையை விரித்துப் பார்த்தன்றி வேறுபாடு காணார்.

ஐயர் அச்சொல்லை மெலிந்தொலிக்கும் எழுத்தால் தொடங்கினார். முனிவர் வலிந்தொலிக்கும் எழுத்தால் தொடங்கினார். தமிழில் எழுதுவோர்க்கு இரண்டும் தகரமே! முனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் அச்சாயிற்று. அதுவும் அவரோடு சமயப் பூசலிட்ட தரங்கம்பாடியாரின் அச்சகத்திலேயே. பெயர், 'கிராமாத்திக்கா லத்தீனோ-தமுலிக்கா'.