இலைக் கட்டு

வத்தல்மலைக்கு நான் ஏறியது காப்பித் தோட்டம் பார்க்க. வழியில் கால் பிசகிற்று. தங்கிய வீட்டுக் கிழவி வீக்கத்தில் எண்ணெய் பூசி, ஆமணக்கு இலையை அனலில் வாட்டி, அதன்மேல் வைத்து இறுகக் கட்டினாள்.

"இலை எதற்குப் பாட்டி?"

"மூடாமப் போனா மருந்து உள்ளே இறங்குமா சாமி?"

இதே கேள்வியைத்தான் 1962-இல் மெக்கென்ஸி, ஸ்டோட்டன் என்ற இரு மருத்துவர்கள் ஸ்டீராய்டுக்குக் கேட்டார்கள். சிறுநீரகத்தின் தலைமேல் அமர்ந்திருக்கும் சுரப்பி ஊற்றும் ஹார்மோனுக்கு அது உறவு. தோலின் மேற்புறமோ, செத்த அணுக்களைக் கொழுப்புச் சாந்தில் அடுக்கிய மதில். மயிரிழைப் பருமன்கூட இராது. ஆனாலும் லேசில் வழி விடாது. மருந்தைத் தடவி, பிளாஸ்டிக் தாளால் மூடிப் பார்த்தார்கள். ஈரம் வெளியேற வழியின்றி மதில் ஊறித் தளர்ந்தது. 100 மடங்கு வரை மருந்து இறங்கிற்று!

1986-இல் அமெரிக்காவில் பெண்களுக்கான ஹார்மோன் ஒட்டுப்பட்டை வந்தபோது, வழி திறக்கும் சாவியாக அதில் சாராயத்தை வைத்தார்கள்.

எல்லா இடத்துத் தோலும் ஒன்றல்ல. 1967-இல் பெல்ட்மன், மைபாக் இருவரும் அளந்த கணக்குப்படி, முன்கையைவிட நெற்றியில் ஹைட்ரோகார்ட்டிசோன் 6 மடங்கு இறங்குகிறது. உள்ளங்காலில் ஏழில் ஒரு பங்குதான். முகத்தின் இந்தத் தாராளம் நம் பெண்களுக்கு வினையாயிற்று. சிவப்பழகு வருமென்று ஸ்டீராய்டுக் களிம்பை மாதக்கணக்கில் பூசினார்கள். தோல் மெலிந்து சிவந்தது. சிலருக்குக் கன்னத்தில் ரோமமும் முளைத்தது. 2018-இல் அரசாங்கம் 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதென்றது.

கிழவி வீட்டு மாடத்தில், பேத்தியின் சீப்புக்குப் பக்கத்தில், அப்படியொரு டியூப் கிடந்தது. நெற்றிக் கணக்கை அந்தப் பெண்ணிடம் இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் மலை இறங்கினேன்.