நாலு பக்கமும் ஒரு மூலையும்

எங்கட உம்மும்மாவின் சீதன உறுதியில் வயற்காணியின் அளவு ஏக்கரில் இல்லை, அவண விதைப்பாட்டில் கிடக்கிறது. எல்லைக்கு ஒரு வாய்க்காலும் ஒரு மருத மரமும். (மரம் இப்போது இல்லை.) விதைப்பாடு என்பது பரப்பல்ல, விதைக்கும் நெல்லின் அளவு. மேட்டுக் காணிக்கும் பள்ளக் காணிக்கும் விதை ஒன்றுபோலப் போவதில்லை. ஆகவே ஒரே அவணம் இடத்துக்கிடம் வேறு பரப்பு. போடியாரும் முல்லைக்காரரும் பங்கிட்டது விளைச்சலை, அவர்களுக்கு அது போதும்.

ஆங்கிலேயருக்குப் போதவில்லை. ஆளுநர் நோர்த் 1800 ஆகஸ்ட் 2இல் நில அளவைத் திணைக்களத்தை அமைத்தார். 66 அடிச் சங்கிலி வந்தது. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர், அதாவது 160 பேர்ச். 1840இன் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காட்டையும் பயிரில்லா நிலத்தையும் முடிக்குரியதெனக் கொண்டது. மருத மரத்தைச் சாட்சி வைத்தவன் பாடு என்னவாகும்?

பின்னர் தீவையே முக்கோணங்களாகப் பிணைத்தபோது அடிக்கோடுகள் இரண்டே: மேற்கே நீர்கொழும்புப் பக்கம் கண்டவலையில் ஒன்று, கிழக்கே நம் படுவான்கரை வவுணதீவில் மற்றொன்று. நிலத்தில் நீட்டி அளந்தது அந்தக் கோடுகளைத்தான். மற்றத் தூரங்கள் கோணத்தால் கணிக்கப்பட்டவை. வாவியைத் தாண்டி வவுணதீவுக்குப் போய்வருகிற நம்மவர் எத்தனை பேருக்கு இது தெரியும்!

கோணத்தை மறந்தால் என்னவாகும் என்பதை எங்கட வீட்டிலேயே கண்டேன். வாப்பாவும் உம்மாவும் மௌத்தான பின் வளவைப் பங்கு வைத்தோம். ஆண்மக்கள் மூவர், ஒரு ராத்தா. நாலு பக்கமும் 66 அடி. “66ஐ 66ஆல் பெருக்கு, 16 பேர்ச். இதுக்கென்ன சேர்வேயர்?” என்றார் மாமா. நானும் தலையாட்டினேன். ஏழு பாகம்: எங்களுக்கு இரண்டிரண்டு, ராத்தாவுக்கு ஒன்று. எங்கள் பாகங்களை வெட்டி வேலியும் போட்டாயிற்று. மிச்சத்தில் ராத்தாவுக்கு ஒரு கிணற்றுக் கட்டுக்குக்கூட இடமில்லை.

வளவு சரிந்து கிடந்தது. ஒரு மூலை 60 பாகை. பக்கங்கள் மாறாமலே பரப்பு 13.9 பேர்ச்சுக்கு இறங்கிவிடும். காணாமற்போனது இரண்டு பேர்ச்சுக்கு மேல். அவவின் பங்கோ இரண்டேகால். மூலைவிட்டத்தை ஒருதரம் அளந்திருந்தால் பிடிபட்டிருக்கும். குவாரிஸ்மி தம் அல்ஜப்ர் நூலில் நில அளவைக்கும் வாரிசுப் பங்கீட்டுக்கும் இடம் ஒதுக்கியதன் காரணம் அன்றுதான் எனக்கு உறைத்தது.

உண்மைக் கணக்கில் ராத்தாவுக்கு ஏறத்தாழ இரண்டு பேர்ச். நாங்கள் தலைக்கு அரைப் பேர்ச்சுக்குச் சற்று மேல் விடவேண்டும். சின்னக் காக்கா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சுபஹுக்குப் பிறகு அவரே அலவாங்கோடு வந்து முதல் வேலிக்கட்டையைப் பிடுங்கினார்.