ஆமை வீட்டில் புகுந்த மனிதன்

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று நம்மூரில் ஒரு பழமொழி உண்டு. ஆமைகளுக்கு மட்டும் பழமொழி சொல்லத் தெரிந்திருந்தால், "மனிதன் புகுந்த தீவு உருப்படாது" என்று சொல்லியிருக்கும்!

காரணம் வேண்டுமா? காலபகோஸ் தீவுகளின் கதையைக் கேளுங்கள்.

ஈக்வடார் நாட்டுக்கு மேற்கே சுமார் 1000 கிலோமீட்டர் தொலைவில், பசிபிக் கடலில் இருக்கின்றன இந்தத் தீவுகள். 1535-ல் பெரு நாட்டுக்குக் கப்பலில் கிளம்பிய பனாமா பிஷப் தோமாஸ் தெ பெர்லாங்கா, காற்று நின்றுபோனதால் நீரோட்டத்தில் இழுபட்டு இங்கே வந்து சேர்ந்தார். அங்கே ராட்சத நில ஆமைகள் இருந்தன. 200 கிலோவுக்கு மேல் எடை, 100 வருடத்தைத் தாண்டும் ஆயுள்! தீவுகளுக்குப் பெயர் வந்ததே ஆமையைக் குறிக்கும் 'காலபகோ' என்ற ஸ்பானியச் சொல்லில் இருந்துதான்.

இந்த ஆமைகள் தீனியும் தண்ணீரும் இல்லாமல் ஒரு வருடம் வரை உயிரோடு இருக்கும். அந்த வரமே சாபமாகிவிட்டது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலம். கடற்கொள்ளையரும், 1800-களில் திமிங்கில வேட்டைக் கப்பல்காரர்களும் ஆமைகளை உயிரோடு கப்பலின் அடித்தளத்தில் அடுக்கிக்கொண்டு போனார்கள். முதலீடு இல்லை, தீனிச் செலவு இல்லை, சரக்கு கெட்டும் போகாது. முட்டையிடத் தாழ்நிலத்துக்கு வரும் பெண் ஆமைகள் சிறியவை, தூக்குவது சுலபம். அதனால் அவைதான் அதிகம் பிடிபட்டன. இப்படிப் போனவை ஒன்று முதல் இரண்டு லட்சம் வரை இருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

1835-ல் டார்வின் வந்தபோது, ஓட்டைப் பார்த்தே எந்தத் தீவு ஆமை என்று சொல்லிவிடலாம் என்றார் அங்கிருந்த துணை ஆளுநர் லாசன். டார்வின் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் வந்த கப்பலிலும் ஆமைக்கறிதான் சாப்பாடு!

பின்டா தீவில் 1959-ல் மீனவர்கள் மூன்று ஆடுகளை விட்டார்கள். அவை ஆயிரக்கணக்கில் பெருகி, தீவின் பசுமையையே மேய்ந்து தீர்த்தன. 1971-ல் அங்கே ஒரே ஒரு ஆண் ஆமை கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பெயர் ஜார்ஜ். நெருங்கிய இனப் பெண் ஆமைகளோடு சேர்த்து வைத்தும் முட்டைகள் பொரியவில்லை. 2012 ஜூன் 24 அன்று ஜார்ஜ் இறந்தது. அதோடு அந்த இனமும் முடிந்தது.

எஸ்பானியோலா தீவில் மிஞ்சியவை 12 பெண், 2 ஆண் மட்டுமே. அமெரிக்காவின் சான் டியேகோ மிருகக்காட்சி சாலையில் இருந்த 'டியேகோ' என்ற ஆண் ஆமையும் அவற்றோடு சேர்க்கப்பட்டது. வளர்த்த குட்டிகளைத் தீவில் விட்டு விட்டு, எண்ணிக்கை இரண்டாயிரத்தை எட்டியது. 2020-ல் டியேகோவும் சொந்தத் தீவுக்குத் திரும்பியது.

இரண்டு தீவுகள், இரண்டு முடிவுகள். எஸ்பானியோலாவில் 14 மிச்சம் இருந்தபோதே மனிதன் விழித்துக்கொண்டான். பின்டாவில் ஒன்று மிஞ்சும் வரை தூங்கிவிட்டான். வித்தியாசம் அவ்வளவுதான்!