சுண்ணாம்புக் குழியும் கட்டைவிரலும்

ஆம்பூரில் ஒரு ரேஷன் கடை. முன்னால் நிற்கும் பாய்க்கு அறுபதை ஒட்டிய வயது. தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை. சிவப்பாக ஒளிரும் கண்ணாடியில் கட்டைவிரலை வைக்கிறார். மெஷின் ஏற்கவில்லை. லுங்கியில் துடைத்து வைக்கிறார். ம்ஹூம். "ரேகை விழல பாய், வேற விரல் வைங்க" என்கிறார் பில் போடும் தம்பி. விரலைத் தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றிக்கொள்கிறார் பாய்.

இந்தக் கண்ணாடிக்கு ரேகை வந்து சேர்ந்த வழி நீளமானது. 1858 ஜூலை, வங்காளத்தில் ஜங்கிப்பூர். ரோடு போடச் சுக்கான் கல் தர ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாயின் வலது கையை மையில் ஒற்றி, ஒப்பந்தத்தின் பின்பக்கம் பதிய வைத்தார் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி. ஆளைக் கண்டுபிடிக்க அல்ல. 'நான் கையெழுத்தே போடவில்லை' என்று நாளைக்குப் பேச்சு மாறக் கூடாதே என்றுதான். சுக்கான் கல்லும் சுண்ணாம்புதான். ரேகையின் கதை சுண்ணாம்பில் தொடங்கியிருக்கிறது!

1897-இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு வந்தது. அங்கே வகைப்படுத்தும் கணக்கை உருவாக்கியதில் அஜீஸுல் ஹக்குக்கும் ஹேம் சந்திர போஸுக்கும் பெரும் பங்கு. முறைக்குப் பெயர் என்னவோ எட்வர்ட் ஹென்றி துரையுடையது. குற்றவாளிகளைத் தேடிய ரேகை, 2010-இல் ஆதாராகி அரிசி மூட்டை வரைக்கும் வந்துவிட்டது. கைநாட்டு என்று யாரையும் இனி இளக்காரம் பேச முடியாது, கலெக்டரும் கைநாட்டுதான்.

மெஷின் ரேகையை முழுப் படமாக ஒப்பிடுவதில்லை. வரி எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகக் கிளைக்கிறது, எந்தச் சாய்வில் என்று குறித்துக்கொண்டு பொருத்திப் பார்க்கும். தேய்ந்த விரலில் வரிகள் நடுவில் அறுபட்டு, இல்லாத முனைகள் தோன்றும். கணக்கு உதைக்கும்.

சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் ஆட்டுத் தோலின் முடியையும் மேல்தோலையும் கழற்றிவிடும். எஞ்சும் உள்தோல்தான் லெதர். அதை வெறுங்கையால் புரட்டுகிறவரின் மேல்தோலை மட்டும் விட்டுவைக்குமா? ஆனால் ஒன்று, ரேகையின் அச்சு உள்தோலோடு ஒட்டியது. ஆழமாகப் புண்ணாகாதவரை, கைக்கு ஓய்வு கிடைத்தால் அதே வரிகள் திரும்ப எழும். தினக்கூலிக்காரருக்கு ஓய்வு எங்கே?

போனுக்கு ஓ.டி.பி. வரவழைக்கலாம் என்கிறார் தம்பி. போன் மகளிடம். மகள் ஷூ கம்பெனியில், ஷிஃப்டில். உள்ளே போகும்போதே வாசலில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள்.

பாய் மோதிரவிரலை நீட்டுகிறார்.