புட்டிக்குள் வந்த புரதம்

1941 டிசம்பரில் பேர்ள் துறைமுகத்தில் குண்டு விழுந்த சில நாட்களில் ஃபிலடெல்பியாவின் அறுவைச் சிகிச்சை நிபுணர் ஐசிடோர் ராவ்டின் ஹவாய்க்கு விரைந்தார். அங்கே அவர் பயன்படுத்திய மருந்து இன்னும் சோதனை நிலையைத் தாண்டாத ஒன்று: மனித ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஆல்புமின் என்ற புரதம். தீக்காயத்தால் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கசிந்துபோய், பிரஷர் இறங்கிக் கிடந்த படைவீரர்களுக்கு அது ஏற்றப்பட்டது.

பிரித்தெடுக்கும் வழியைக் கண்டவர் ஹார்வர்டின் புரத வேதியியலாளர் எட்வின் கோன். பிளாஸ்மாவைக் குளிரூட்டி, எத்தனால் அளவையும் அமிலத்தன்மையையும் மாற்றிக்கொண்டே போனால் புரதங்கள் ஒவ்வொன்றாகப் படியும். ஐந்தாவது படிவில் கிடைத்தது ஆல்புமின். ஆய்வகங்களில் இன்றும் அதை ‘ஃப்ராக்‌ஷன் ஃபைவ்’ என்கிறார்கள். 60 டிகிரி செல்சியஸில் 10 மணி நேரம் சூடாக்கினாலும் தாங்கும். தகர டப்பாவுக்குள் வைத்த 100 மில்லி கண்ணாடிப் புட்டி, அரை லிட்டர் பிளாஸ்மாவின் வேலையைச் செய்தது. போர்முனைக்கு வேறென்ன வேண்டும்?

போர் முடிந்ததும் புட்டி ஆஸ்பத்திரியில் குடியேறியது. அங்கே அதற்கு வேறொரு வேலை கிடைத்தது, ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஆல்புமின் அளவைக் காட்டும் எண்ணை ஏற்றிவிடுவது. அந்த எண்ணைக் கண்டு பயப்படுவதில் நியாயம் உண்டு. அமெரிக்காவில் முன்னாள் படைவீரருக்கான 44 மருத்துவமனைகளில் நடந்த 54,215 பெரிய அறுவைச் சிகிச்சைகளை அலசிய ஆய்வு 1999இல் வந்தது. ஆல்புமின் டெசிலிட்டருக்கு 4.6 கிராமுக்கு மேல் இருந்தவர்களில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு, 2.1க்குக் கீழே இருந்தவர்களில் 29 சதவீதம்.

குறைந்ததை ஏற்றினால் சரியாகிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஐசியூ வாசலில் சீட்டை வாங்கிக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடும் உறவினருக்கும் அதுதான் நம்பிக்கை. வெளிர்மஞ்சள் திரவம், 100 மில்லிக்குள் 20 கிராம் புரதம், விலை சில ஆயிரம். குலுக்கினால் நுரை கட்டும் என்பதால் பதமாகப் பிடிக்கச் சொல்வார்கள்.

ஆனால் உடம்புக்குள் நடப்பது வேறு. கல்லீரல் நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் ஆல்புமின் செய்கிறது. கடுமையான தொற்று வந்தால் அது அந்த வேலையைக் குறைத்துக்கொண்டு, அழற்சிக்கு வேண்டிய வேறு புரதங்களில் இறங்கிவிடும். சாதாரணமாக மணிக்குச் சுமார் 5 சதவீதம் ஆல்புமின் நாளங்களை விட்டு வெளியேறி நிணநீர் வழியாகத் திரும்பும். தொற்று முற்றினால் இந்தக் கசிவு பலமடங்காகும். அந்த நேரத்தில் புட்டி புட்டியாக ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றும் கதைதான். ஆல்புமின் குறையப் பட்டினியும் ஒரு காரணம்தான் என்றாலும், அவசரமாக ஊட்டும் முட்டை வெள்ளைக்கருவால் இந்த எண் மட்டும் சட்டென்று ஏறாது.

1998இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வு, ஆல்புமின் ஏற்றிய ஒவ்வொரு 100 பேரிலும் 6 பேர் கூடுதலாக இறப்பதாகச் சொல்லி எல்லோரையும் கலங்கடித்தது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து 6,997 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2004இல் வந்தது: 28 நாளில் ஆல்புமின் பக்கம் 726 இறப்பு, வெறும் சலைன் பக்கம் 729. கொல்லவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. 2014இல் வெளியான இத்தாலியின் ஆய்வு, தொற்று முற்றியவர்களுக்கு ஆல்புமின் டெசிலிட்டருக்கு 3 கிராமுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள முயன்றது. எண் ஏறியது, இறப்பு 31.8 சதவீதம், ஏற்றாதவர்களில் 32.

இவ்வளவுக்குப் பிறகும் புட்டியைத் தூக்கி எறிய முடியவில்லை. கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்து, அந்த நீரில் கிருமி தொற்றிய 126 பேரை ஸ்பெயினில் ஆராய்ந்தார்கள். முடிவு 1999இல் வந்தது. ஆன்டிபயாடிக் மட்டும் பெற்றவர்களில் 29 சதவீதம் பேர் ஆஸ்பத்திரியிலேயே இறந்தார்கள். ஆல்புமினும் சேர்ந்தபோது 10 சதவீதம். சிறுநீரகம் பழுதாவது வெகுவாகக் குறைந்திருந்தது. அங்கே மருந்தின் அளவைத் தீர்மானித்தது சீட்டிலிருந்த எண் அல்ல, நோயாளியின் எடை: முதல் நாள் கிலோவுக்கு ஒன்றரை கிராம், மூன்றாம் நாள் ஒரு கிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு முதல் நாள் மட்டுமே நாலரை புட்டி.