நூறு காந்தி வரைந்த கை

மலர்க் குழு நண்பர்கள், "சரித்திரம் படித்தவர் நீங்கள், அதிலேயே ஒன்று எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். சேதுபதிகளைப் பற்றியும் சேது சமுத்திரத்தைப் பற்றியும் எழுத நம்மில் பலர் இருக்கிறார்கள். நான் ஓர் ஓவியரைப் பற்றி எழுதலாம் என்று நினைக்கிறேன். "படம் போடுகிறதுக்கும் சரித்திரத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. ஓர் ஓவியர் ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப வரைகிறார் என்றால், ஒரு காலம் யாரைப் பார்த்தது, எப்படிப் பார்த்தது என்பது அதில் பதிவாகிவிடுகிறது.

சுவரில் ஒரு ராஜா

முதலில் நம் ஊர் விஷயம். எங்கள் திருப்பாலைக்குடியிலிருந்து தேவிபட்டினம் வழியாக பஸ் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் ராமநாதபுரம். அரண்மனைக்குள் இருக்கிற ராமலிங்க விலாசத்தைப் பார்க்காதவர்கள், இந்தச் சந்திப்புக்கு வந்த கையோடு ஒரு நடை போய்ப் பார்த்துவிடுங்கள். கிழவன் சேதுபதி கட்டிய மண்டபம் அது. சுவர் ஓவியங்கள் அவருக்குப் பின் பட்டத்துக்கு வந்த முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்தவை. அதாவது 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதி.

அந்தச் சுவர்களில் ராமாயணமும் உண்டு, கிருஷ்ண லீலையும் உண்டு. ஆனால் மறுபடி மறுபடி வருகிறவர் சேதுபதிதான். ராஜராஜேஸ்வரி அம்மனிடம் செங்கோல் வாங்குகிறார். ஐரோப்பியரைச் சந்திக்கிறார். அவர் படை தஞ்சை மராட்டியரோடு மோதுகிறது. மாடிக்குப் போனால் அந்தப்புரக் காட்சிகள். எங்கே பார்த்தாலும் அவர் ராஜாதான். களைத்துப் போன சேதுபதியை, தனியாக உட்கார்ந்து யோசிக்கிற சேதுபதியை அங்கே பார்க்க முடியாது. வரையச் சொன்னது அரண்மனை; அது கேட்டது பெருமையை. கலைஞர்கள் அதைக் குறைவில்லாமல் கொடுத்தார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாருங்கள்.

துறையூர்ப் பக்கத்துப் பையன்

கே. எம். ஆதிமூலம் 1938இல் பிறந்தவர். திருச்சி மாவட்டம் துறையூரை அடுத்த கீராம்பூர் அவர் ஊர். நம்மைப் போலவே கிராமத்துப் பிள்ளை. படம் வரைகிற ஆசையோடு சென்னைக்கு வந்தவருக்குச் சிற்பி எஸ். தனபால் ஆதரவாக இருந்தார். 1960களில் அரசு கலை, கைவினைப் பள்ளியில் சேர்ந்து படித்து, 1966இல் வெளியே வந்தார்.

அந்தப் பள்ளி 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. பல காலம் வெள்ளைக்காரர்கள் நடத்திய அந்த இடத்துக்கு 1929இல் பொறுப்பேற்ற முதல் இந்தியர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் நிற்கிற உழைப்பாளர் சிலை அவர் செய்தது. அதே கடற்கரையில் கோலூன்றி நடக்கிற காந்தி சிலையும் அவர் செய்ததே. இரண்டும் 1959இல் திறக்கப்பட்டன. அவருக்குப் பின் முதல்வரானவர் கே. சி. எஸ். பணிக்கர். கோடுதான் நம் மரபின் உயிர் என்று மாணவர்களுக்கு உணர்த்திய தலைமுறை அது. ஆதிமூலம் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டார்.

ஏன் காந்தி?

காந்தியை வரைந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. 1930 உப்பு யாத்திரையின்போது வங்காளத்து நந்தலால் போஸ், லினோலியத்தில் செதுக்கி அச்சிட்ட கறுப்பு வெள்ளைப் படம் நாடு முழுக்கப் பிரபலம். கையில் கோல், முன்னால் சாய்ந்த நடை, அவ்வளவுதான். உப்பளத்தைப் பார்த்து வளர்ந்த என் போன்றவர்களுக்கு அந்தப் படத்தின் அர்த்தத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1969இல் காந்தி நூற்றாண்டு வந்தது. அதற்குள் காந்தி ஊருக்கு ஊர் சிலையாகிவிட்டார். தபால் தலையில் ஏறிவிட்டார். அந்த வருஷமே ரூபாய் நோட்டிலும் வந்தார். கச்சேரி, பள்ளிக்கூடம் எங்கும் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரே சிரிப்பு. சேதுபதிக்குச் சுவரில் நடந்தது காந்திக்குக் காகிதத்தில் நடந்தது என்று நான் சொல்வேன். எல்லாரும் கும்பிட்டார்கள், பார்ப்பது குறைந்துவிட்டது.

அப்போதுதான் முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்த ஆதிமூலம் பேனாவும் கறுப்பு மையும் எடுத்து காந்தியை வரைந்தார். ஒன்று, இரண்டு அல்ல, நூறு. இளமைக் காலத்திலிருந்து முதுமை வரை. ஒரே ஆளை நூறு தடவை வரைந்தால் சலித்துவிடாதா? அங்கேதான் விஷயம் இருக்கிறது. முதல் பத்துப் படத்துக்கு நமக்குத் தெரிந்த காந்தி போதும். வட்டக் கண்ணாடி, பெரிய காது, பொக்கை வாய் என்று போட்டுவிடலாம். அதற்கு மேல் போக வேண்டுமானால் அந்த மனிதரை உற்றுப் பார்த்தே ஆக வேண்டும். தோளில் ஏறிய வயது, குனிந்த முதுகு, யோசனையில் இறுகிய முகம் எல்லாம் அப்போதுதான் கைக்கு வரும்.

இன்னொன்றும் உண்டு. 1921 செப்டம்பர் 22ஆம் தேதி மதுரை மேல மாசி வீதி வீட்டில்தான் காந்தி வழக்கமான உடையை விட்டு முழங்கால் துணிக்கு மாறினார். நகையும் பட்டும் இல்லாத உடம்பு. ஓவியனுக்கு ஒளிந்துகொள்ள அங்கே இடமே கிடையாது. கோடு தடுமாறினால் அப்படியே தெரிந்துவிடும்.

காந்திக்குப் பின் ராஜாக்கள்

நூறு காந்தி வரைந்து பெயர் வாங்கியவர், ஆயுள் முழுக்க காந்தியையே வரைந்து சௌகரியமாக வாழ்ந்திருக்கலாம். ஆதிமூலம் அப்படிச் செய்யவில்லை. 1970களில் அவர் காகிதத்தில் மகாராஜாக்கள் வந்து உட்கார்ந்தார்கள். தலைப்பாகை, மீசை, கனத்த உடை, எல்லாம் உண்டு. ராஜ்யம் மட்டும் இல்லை. பின்னிப் பின்னிப் போட்ட கோடுகளுக்குள் அவர்கள் உருவம் கரைந்துகொண்டே போகும். மன்னர் மானியம் சட்டப்படி ஒழிந்தது 1971இல் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

துணியைக் கழற்றிப்போட்டவர் நூறு படத்திலும் நிமிர்ந்து நிற்கிறார். துணிமணிக்குள் இருக்கிறவர்கள் கரைகிறார்கள். அதே பேனா, அதே மை. இந்த இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம் சமஸ்தானங்களின் சரித்திரம், நாம் பக்கம் பக்கமாகப் படித்ததைவிடச் சீக்கிரம் புரிகிறது. ராமலிங்க விலாசத்துச் சேதுபதிக்கு அடுத்த அத்தியாயம் என்றே இதை எடுத்துக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு உருவத்தையே விட்டுவிட்டார். பெரிய பெரிய கான்வாஸ்களில் எண்ணெய் வண்ணம்; மண், நீர், வானம் என்று நாமே ஊகித்துக்கொள்ள வேண்டிய நிறங்கள். அதே சமயம் பத்திரிகைக்கு வரைவதை மட்டமாக நினைக்கவில்லை. சிறுபத்திரிகைகளுக்கும் புத்தக அட்டைகளுக்கும் வரைந்தார். கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் வந்தபோது படம் போட்டவர் அவரே. 1985க்கு முன் ஒன்றாக இருந்த நம் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியும் கரிசல்தானே! அந்தச் சம்சாரிகளின் முகங்களைப் பார்த்தபோது, காந்தியிடம் பழகிய கை இது என்று எனக்குத் தோன்றியது.

2008 ஜனவரி 15ஆம் தேதி ஆதிமூலம் சென்னையில் காலமானார். காந்தியை வரைவது அவரோடு நின்றுவிடவில்லை. மும்பை ஓவியர் அதுல் தோடியா 1999இல் காந்தியை மையமாக வைத்து நீர்வண்ண ஓவிய வரிசை ஒன்றைக் காட்சிக்கு வைத்தார். அவர் பிறந்தது 1959இல். காந்தியைக் கண்ணால் பார்த்திராத தலைமுறை. ஆனாலும் அவரும் அந்த மனிதரிடமே திரும்பிப் போகிறார்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் எந்தப் பாடம் எடுத்திருந்தாலும் சரி, ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு மனிதர், ஒரு ஊர், ஒரு தொழில். நூறு தடவை திரும்பிப் போய்ப் பாருங்கள். தெரிந்த விஷயம்தானே என்ற எண்ணம் பத்தாவது தடவையில் போய்விடும். படிப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. நூறு முடிந்ததும், கிடைத்த பெயரைக் கட்டிக்கொண்டு உட்காராமல் அடுத்ததுக்குப் போகவும் தைரியம் வேண்டும். ஆதிமூலத்திடம் இரண்டும் இருந்தன.