இரும்பு மருந்தின் வரலாற்றில் அளவு என்னும் கேள்வி

இரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை தருவது இன்று எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நடக்கும் சாதாரணச் சிகிச்சை. ஆனால் 1880-களில், உடலியல் வேதியியலில் பெரும்பெயர் பெற்ற அறிஞர் ஒருவர், விழுங்கும் இரும்பு உப்பு இரத்தத்தில் சேர்வதே இல்லை என்று எழுதினார்; மருத்துவர் பலர் அதை ஏற்றார்கள். அந்த மருந்து பயன் தருவதை அதற்கு அரை நூற்றாண்டு முன்பே ஒரு மருத்துவர் காட்டியிருந்தார். பின் ஏன் இந்த ஐயம்? எந்த இரும்புச் சேர்மம் சிறந்தது, அது எப்படி வேலை செய்கிறது என்ற விவாதங்கள் முன்னால் நின்றன. நோயாளியின் உடலுக்குள் எவ்வளவு இரும்பு போய்ச் சேர்கிறது என்ற கேள்வி நெடுங்காலம் பின்தங்கியே கிடந்தது. இரும்பு மருந்தின் ஏற்ற இறக்கங்களுக்கு இதுவே முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இளம்பெண்களின் முகம் வெளிறிப் பச்சைச் சாயல் தட்டும் நோயை ஐரோப்பியர் குளோரோசிஸ் என்றனர். 1680-களின் தொடக்கத்தில் ஆங்கில மருத்துவர் தாமஸ் சைடன்ஹாம் இதற்கு இரும்புத்தூளையும், இரும்புத்தூள் ஊறிய மதுவையும் பரிந்துரைத்தார். இரத்தத்தில் இரும்பு இருப்பது அப்போது தெரியாது. 1746-இல் இத்தாலியின் வின்சென்சோ மெங்கினி, உலர்த்திப் பொடித்த இரத்தத்தின் துகள்களைக் காந்தம் ஈர்ப்பதைக் காட்டினார். ஆயினும் சிகிச்சையில் தெளிவு வர 1832 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரான்சின் பொகேர் நகரத்து மருத்துவர் பியர் ப்ளோ, ஃபெரஸ் சல்பேட்டையும் பொட்டாசியம் கார்பனேட்டையும் சேர்த்து மாத்திரை செய்து, நாள்தோறும் எண்ணிக்கையைப் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்தார். அவருடைய சாதனை புதுப்பொருளைக் கண்டதில் இல்லை. பழைய பொருளைப் போதிய அளவில், விடாமல் கொடுத்ததில் இருக்கிறது. அவர் பெயரில் பின்னால் ஊரெங்கும் விற்ற மாத்திரைகளுக்கு இந்த ஒழுங்கு வாய்க்கவில்லை. அவற்றிலிருந்த ஃபெரஸ் கார்பனேட் காற்றுப்பட்டுக் கெட்டது, மாத்திரைகள் இறுகிப்போயின, மருத்துவர்களும் அளவைக் குறைத்தனர். ஒரே பெயருள்ள மருந்து ஓரிடத்தில் குணமாக்கி மற்றோரிடத்தில் பொய்த்ததில் வியப்பில்லை.

இந்தக் குழப்பத்தினிடையே, தொடக்கத்தில் குறிப்பிட்ட அறிஞரான குஸ்தாவ் ஃபொன் புங்கே தம் கருதுகோளை முன்வைத்தார். உணவிலுள்ள கரிமச் சேர்ம இரும்பு மட்டுமே உறிஞ்சப்படும். மருந்தாகத் தரும் உப்பு, குடலிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடைப் பிணைத்து, உணவின் இரும்பு வீணாகாமல் காப்பதோடு சரி என்றார். எடின்பரோவின் ரால்ஃப் ஸ்டாக்மன் 1893-இல் இதற்கு நேர்த்தியான சோதனையால் விடை சொன்னார். ஏற்கெனவே கந்தகத்தோடு பிணைந்த ஃபெரஸ் சல்பைடை, இரைப்பையில் கரையாத கெரட்டின் உறைக்குள் வைத்துக் கொடுத்தார். இரும்பு சிட்ரேட்டைத் தோலுக்கடியில் ஊசியாகச் செலுத்தினார். இரண்டுமே குடலின் சல்பைடைப் பிணைக்க வழியற்றவை. ஆயினும் நோயாளிகள் தேறினர். சல்பைடைப் பிணைக்கவல்ல பிஸ்மத்தும் மாங்கனீசும் பயன் தரவில்லை. கருதுகோள் உடைந்தது. ஆனால் எவ்வளவு தரவேண்டும் என்ற கேள்வி அப்படியே நின்றது.

அதை எண்களால் தீர்த்தவர்கள் பாஸ்டனின் ஹீத், ஸ்ட்ராஸ், காஸல் ஆகியோர். நோயாளிக்கு ஊசிவழி செலுத்திய இரும்பின் அளவும், அவர் இரத்தத்தில் கூடிய ஈமோகுளோபினிலுள்ள இரும்பின் அளவும் ஏறத்தாழ ஒத்திருப்பதை 1932-இல் காட்டினர். இதன் பொருளைக் கணக்கிட்டே பார்க்கலாம். 1 கிராம் ஈமோகுளோபினில் சுமார் 3.4 மில்லிகிராம் இரும்பு உண்டு. 5 லிட்டர் இரத்தமுள்ள ஒருவருக்கு 100 மில்லிலிட்டருக்கு 1 கிராம் வீதம் ஈமோகுளோபின் உயர, 50 கிராம் ஈமோகுளோபின், அதாவது 170 மில்லிகிராம் இரும்பு வேண்டும். விழுங்குவதில் பத்தில் ஒரு பங்கே உறிஞ்சப்படுவதாகக் கொண்டால் 1,700 மில்லிகிராம் தேவை. 300 மில்லிகிராம் ஃபெரஸ் சல்பேட் மாத்திரையில் உள்ள இரும்பு 60 மில்லிகிராம்தான்; ஆக, ஒரேயொரு கிராம் உயர்வுக்கே ஏறக்குறைய 28 மாத்திரைகள். சிற்றளவில் சில நாள் கொடுத்துவிட்டு மருந்து பலிக்கவில்லை என்று கைவிட்டவர்களின் பிழை இந்தக் கணக்கில் தெரிந்துவிடுகிறது.

இவ்வாதத்துக்கு இரண்டு மறுப்புகள் எழலாம். முதலாவது, இது ஐரோப்பாவை மட்டும் பார்க்கிறது என்பது. பாண்டு நோய்க்கு அயச்செந்தூரமும் அன்னபேதிச் செந்தூரமும் தரும் மரபு சித்த மருத்துவத்துக்கு உண்டு. அன்னபேதி என்பதே ப்ளோ கையாண்ட ஃபெரஸ் சல்பேட்தான். இரும்பின் பயனை அறிந்ததில் ஐரோப்பாவுக்குத் தனியுரிமை இல்லை என்பது சரியே. ஆனால் இங்கே ஆராயப்படுவது, உடலில் சேர்ந்த இரும்பை அளந்து அறிந்த கதை. அது ஆய்வுக்கூடத்தின் கதை. இரண்டாவது மறுப்பு, சேர்மத்தின் வகையும் முக்கியமே என்பது. ஃபெரிக் உப்பைவிட ஃபெரஸ் உப்பு நன்றாக உறிஞ்சப்படுவது உண்மை. ஆனால் வகையின் மதிப்பு, அது எவ்வளவு இரும்பை உள்ளே சேர்க்கிறது என்பதைக் கொண்டே தீர்மானமாகிறது. ஆகவே இம்மறுப்பு வாதத்தை முறிக்கவில்லை, அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

அளவே முக்கியம் என்றால், கூட்டிக்கொண்டே போகலாமா? கூடாது என்பதற்கான அடிப்படையை 1937-இல் ஆய்வாளர்கள் மெக்கான்ஸும் விட்டோசனும் இட்டனர்: உடலால் மிகை இரும்பை வெளியேற்ற இயலாது, நுழைவாயிலான குடலில்தான் கட்டுப்பாடு நடக்கிறது. அக்கட்டுப்பாட்டை நடத்தும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அறியப்பட்டது. ஒரு வேளை இரும்பு மருந்தே ஹெப்சிடினை உயர்த்தி, மறுநாள் உறிஞ்சலைக் குறைக்கிறது. சூரிச் ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், இரும்புச்சத்து குறைந்த, ஆனால் சோகை இல்லாத பெண்கள் நாள்தோறும் உண்டபோது 16.3 விழுக்காடும், ஒருநாள் விட்டு ஒருநாள் உண்டபோது 21.8 விழுக்காடும் இரும்பு உறிஞ்சப்பட்டது. கடுஞ்சோகை உள்ளவர்களுக்கோ கர்ப்பிணிகளுக்கோ இதை அப்படியே பொருத்த முடியாது. ஆயினும் அளவு என்ற கேள்விக்குள் கால இடைவெளியும் அடங்கும் என்பதை இது நிறுவுகிறது. புதிய பெயரில், புதிய வடிவில் சந்தைக்கு வரும் இரும்பு மருந்து ஒவ்வொன்றிடமும் முதலில் கேட்கவேண்டியதும் இதுவே: உண்டதில் எவ்வளவு, எத்தனை நாளில் இரத்தத்தைச் சேர்கிறது?